டிக்கிக்குள் போகும் வயர்

1

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஸ்காபரோவில், மகன் அருணையும் கூட்டிக்கொண்டு மரக்கறி வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில் ஒரு பொலிஸ்காரர் எங்கள் காரை மறித்தார். பின்பக்க விளக்கு ஒன்று எரியவில்லையாம். இங்கே இது ஒரு பெரிய விஷயம் இல்லை. மறிப்பவர் வணக்கம் சொல்வார். காரின் பதிவுப் பத்திரத்தையும் காப்புறுதி அட்டையையும் கேட்பார். பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார். இந்த நாட்டுக்கு வந்த பதினொரு வருடத்தில் இப்படி என்னை மறித்தது மூன்றாவதோ நான்காவதோ தடவை.

பத்திரங்கள் முன் இருக்கைக்கு எதிரே உள்ள லாச்சிக்குள் இருந்தன. லாச்சி திறக்கவில்லை. கைபிடியை இழுத்தால் கைபிடி மட்டும் தொளதொளவென்று வந்தது. உள்ளே கொளுக்கி அசையவே இல்லை. அருண் கையைப் பொத்தி இரண்டு தரம் குத்திப் பார்த்தான். பொலிஸ்காரர் ஜன்னலருகே குனிந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அருண் சட்டென்று தன் ஜாக்கெற் பைக்குள் கையை விட்டான். திறப்புக் கோர்வையை எடுத்து, ஒரு சாவியால் நெம்பிப் பார்க்க நினைத்திருக்கிறான்.

"அசையாதை! கையை வெளியிலை எடு! ரெண்டு கையையும் மேலை வை!"

நான் போட்ட சத்தத்தில் அருண் உறைந்துபோனான். பொலிஸ்காரரும் ஒரு அடி பின்னால் வைத்தார். என் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கின் மேல் விரித்தபடி இருந்தன. சுகமில்லையா என்று அந்த மனிதர் ஆங்கிலத்தில் என்னைக் கேட்டார். வயது முப்பது இருக்காது, நல்ல பிள்ளை. விளக்கை மாற்றச் சொல்லி, பத்திரங்களை ஒரு வாரத்துக்குள் பொலிஸ் நிலையத்தில் காட்டச் சொல்லி ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார். அவர் போன பிறகும் நான் காரை எடுக்கவில்லை. அருண்தான் இறங்கி வந்து, என்னைப் பக்கத்து இருக்கைக்கு மாறச் சொல்லி, வீட்டுக்கு ஓட்டினான். வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருப்பது எங்கள் இருவருக்கும் பழகிப்போன ஒன்று.

2

கார் பதின்மூன்று வருடப் பழையது. இங்கே பனிக்காலத்தில் தெருவுக்கு உப்புக் கொட்டுவார்கள். அது காரின் அடிவயிற்றைத் தின்றுவிடும். ஓட்டைகளை மூடி, பூசி, ஓட்டுகிறேன். வரும் செப்டெம்பரில் அருண் பல்கலைக்கழகம் போகிறான், மூன்று மணித்தியால ஓட்டம். இந்தக் காரை அவனுக்கே கொடுப்பதாகச் சொல்லியிருந்தேன். பாண் சுடும் தொழிற்சாலைக்கு நான் பஸ்ஸில் போகலாம். ஒருகாலத்தில் கொழும்புக் கோட்டையில் கப்பல் கம்பனியில் கிளாக்காக இருந்தவன் இங்கே பாண் பெட்டிகளுக்கு லேபல் ஒட்டுகிறேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. கால் வலிக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்த நாள் அருண் லாச்சியைத் திறந்தான். கம்பியூட்டரில் யாரோ இதே காருக்கு எழுதி வைத்த விளக்கத்தைப் படித்துவிட்டு வந்து, முன் இருக்கையின் காலடியில் மல்லாந்து படுத்து, வாயில் சின்ன டோர்ச்சைக் கவ்விக்கொண்டு, லாச்சிக்குக் கீழே இருந்த தகட்டை இரண்டு ஸ்குரூ கழற்றி இறக்கினான். கைபிடியையும் கொளுக்கியையும் இணைக்கும் பிளாஸ்ரிக் துண்டு உடைந்திருந்தது. உடுப்புக் கொழுவும் கம்பி ஒன்றை வளைத்துக் கீழிருந்து மேலே செலுத்தி, கொளுக்கியைத் தள்ளினான். 'டக்' என்று லாச்சி விழுந்து திறந்தது. உள்ளே பத்திரங்கள், காய்ந்துபோன கடதாசிக் கைக்குட்டைகள், நாலைந்து கசெற்றுகள்.

"நல்லாச் செய்தாய்" என்றேன்.

"புதுக் கொளுக்கி பழைய காரெல்லாம் உடைக்கிற இடத்தில எடுக்கலாம்" என்றான். அவனுடைய தமிழ் பாதி என்னுடைய யாழ்ப்பாணத் தமிழ், பாதி அவன் அம்மாவின் கொட்டாஞ்சேனைத் தமிழ், இடைவெளி எல்லாம் ஆங்கிலம். பிறகு எழுந்து உட்கார்ந்து, கைகளைத் துடைத்துக்கொண்டு, தன் திட்டத்தைச் சொன்னான். கசெற் ரேடியோவைக் கழற்றிவிட்டு சீடி போடுகிற ஒன்றைப் பூட்டப்போகிறான். கதவுகளுக்கு நல்ல ஸ்பீக்கர். டிக்கிக்குள் ஒரு அம்பிளிஃபயரும் பெரிய ஸ்பீக்கர் பெட்டியும். பற்றரியிலிருந்து ஒரு தடித்த வயர், கால்விரிப்புக்குக் கீழால், பின் இருக்கைக்கு அடியால், டிக்கிக்குப் போகும்.

"ரேடியோவை மாத்து. கதவுக்கு ஸ்பீக்கர் போடு. டிக்கிக்குள்ளை வயர் போகக் கூடாது."

"ஏன்?"

"கூடாதெண்டால் கூடாது."

"இது என்ட கார் எண்டு சொன்னீங்கதானே?"

"இன்னும் உன்ரை கார் இல்லை."

அவன் ஏற்கெனவே பழைய ரேடியோவைக் கழற்றி வெளியே எடுத்துவிட்டிருந்தான். அதை அப்படியே இருக்கையில் வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டான். இரண்டு வாரம் அந்தப் பக்கமே வரவில்லை. முன்பக்கத்தில் ஒரு சதுரப் பொந்தும் அதிலிருந்து தொங்கும் வயர்களுமாக நான் வேலைக்குப் போய் வந்தேன். காரில் சத்தமே இல்லை. சத்தமில்லாத காரில் போகும்போது பழையதெல்லாம் நினைவுக்கு வருகிறது.

3

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாங்கள் வெள்ளவத்தையில் வாடகை வீட்டில் இருந்தோம். அருணுக்கு ஆறு வயது. என் மனைவி ஸ்டெல்லா கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பெண். நான் யாழ்ப்பாணத்துச் சைவன். இரண்டு வீட்டாரும் எங்களை ஏற்றுக்கொள்ள அருண் பிறக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிய ஸ்டெல்லாவின் வீட்டில் மத்தியானச் சாப்பாடு என்பது வழக்கமாகிவிட்டது. அருணுக்கு அங்கே தாத்தா இருந்தார், ஸ்டெல்லாவின் தகப்பன். ஸ்டெல்லாவின் தம்பி ரெஜி இருந்தான். ரெஜி துறைமுகத்தில் வேலை. பாட்டு என்றால் உயிர்.

என்னிடம் ஒரு பழைய கார் இருந்தது. அதன் டிக்கிப் பூட்டு சில மாதமாகவே மக்கர் பண்ணியது. திறப்பைத் திருப்பி, மேலே ஒரு தட்டுத் தட்டினால் திறக்கும். நுகேகொடையில் கராஜ் வைத்திருந்த ஒரு பாஸ் எங்கள் காரைப் பார்ப்பவர். ஸ்பிரிங் போய்விட்டது, கொண்டு வாருங்கள் மாற்றித் தருகிறேன் என்று சொல்லியிருந்தார். நான்தான் நாளைக் கடத்தினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரெஜி எனக்கொரு பரிசு வைத்திருந்தான். கப்பல்காரர் ஒருவரிடம் வாங்கிய ஜப்பான் கசெற் செற், அம்பிளிஃபயர், இரண்டு ஸ்பீக்கர். சாப்பாட்டுக்கு முதலே சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு ஒழுங்கையில் வேலையைத் தொடங்கிவிட்டான். பற்றரியிலிருந்து காலடியால் வயர் இழுத்து, அம்பிளிஃபயரையும் ஸ்பீக்கர் பெட்டியையும் டிக்கிக்குள் வைத்துப் பூட்டினான். ஒரு பைலாக் கசெற்றைப் போட்டான். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் ஓடி வந்து ஆடினார்கள். அருணும் ஆடினான். டிக்கியை ரெஜி ஓங்கி அடித்து மூடினான்.

பிறகு அது திறக்கவில்லை. திறப்பு திரும்பியது, தட்டியும் பார்த்தோம், குத்தியும் பார்த்தோம்.

"விடுங்க அத்தான். பாட்டு நல்லாத்தானே படிக்குது. நாளைக்குப் பௌர்ணமி, போயா லீவு. நாளண்டைக்கு நுகேகொட பாஸ்கிட்ட காட்டிட்டாப் போச்சு" என்றான் ரெஜி.

ஸ்டெல்லாவின் தாய்க்குக் காய்ச்சல். ஸ்டெல்லா மாலை பஸ்ஸில் வருவதாகச் சொல்லி நின்றுவிட்டாள். நானும் அருணும் மட்டும் புறப்பட்டோம். மூன்று மணி இருக்கும். அருண் பின் இருக்கையில், ஸ்பீக்கர் சத்தம் முதுகில் அதிர்வதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தான்.

காலி வீதியில், வீட்டுக்குப் பத்து நிமிடத் தூரத்தில், சோதனைச் சாவடியில் மறித்தார்கள். அது தினமும் நடப்பதுதான். அடையாள அட்டை கொடுத்தேன். ஆமிக்காரன் ஒருவன் பெயரை வாசித்தான், பின்னால் போனான், "டிக்கிய அரின்ன" என்றான். திறக்கச் சொல்கிறான். இறங்கிப் போய்த் திறப்பைப் போட்டேன். திருப்பினேன். தட்டினேன். திறக்கவில்லை. பூட்டுப் பழுது என்று சிங்களத்தில் சொன்னேன். அவன் சிரித்தான். மற்றவன் முன்கதவைத் திறந்து குனிந்து பார்த்துவிட்டு, கால்விரிப்பின் ஓரத்தைத் துவக்கின் நுனியால் தூக்கினான்.

சிவப்பு வயர் ஒன்று, கறுப்பு வயர் ஒன்று. இரண்டும் பின் இருக்கைக்கு அடியால் டிக்கிக்குப் போயின.

குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த அந்த நாட்களில் கொழும்பில் இருந்தவர்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஒருவன் ஏதோ கத்தினான். நாலு பேர் என்னைப் பிடித்து, கைகளைப் பின்னால் முறுக்கி, வீதியின் மறுபக்க மணல்மூட்டைகளுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்கள். பின்னால் நின்ற பஸ்ஸிலிருந்து சனம் குதித்து ஓடியது. கடைகளின் கதவுகள் இறங்கின. ஒரு நிமிடத்தில் அந்த இடம் வெறுமையாகிவிட்டது. நடு வீதியில் என் கார் மட்டும் நின்றது.

அருண் காருக்குள் இருந்தான்.

நான் கத்தினேன். பதினைந்து வருடம் கந்தோரில் சிங்களம் பேசியவன். அந்த நேரத்தில் ஒரு சொல் வரவில்லை. "பிள்ளை! பிள்ளை உள்ளுக்கை! அருண்!" என்று தமிழில்தான் கத்தினேன். தமிழில் கத்தக் கத்த அவர்கள் இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள். ஒருவன் என் வாயைப் பொத்தினான். பின் கண்ணாடியில் அருணின் முகம் தெரிந்தது. பாட்டு இன்னும் போய்க்கொண்டிருந்தது.

எவ்வளவு நேரமென்று தெரியாது. இரண்டு நிமிடமாகவும் இருக்கலாம், ஐந்தாகவும் இருக்கலாம். பெண்களைச் சோதிப்பதற்கென்று அங்கே ஒரு பெண் பொலிஸ் இருந்தாள். மெலிந்தவள், இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். அவள் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து எழுந்து, யாரையும் கேட்காமல், காரை நோக்கி நடந்தாள். ஓடவில்லை, நடந்தாள். பின்கதவைத் திறந்து அருணைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். என்னைக் கடந்து ஒரு கடை வாசலுக்குக் கொண்டுபோனாள். அவள் குனிந்து அவனிடம் ஏதோ கேட்பது தெரிந்தது.

பிறகு அதிகாரி என்னிடம் வந்தார். நீயே போய்த் திற என்றார்.

தனியாக நடந்து போனேன். பின் இருக்கையின் சாய்மணையை மேலே தள்ளிக் கழற்றலாம் என்று தெரியும். கழற்றி, இருக்கையில் குப்புறப் படுத்து, இருட்டுக்குள் கையை விட்டேன். உள்ளே ரெஜி வைத்த பெட்டிதான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் ஒரு எண்ணம் வந்தது: அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று எனக்கு உண்மையில் தெரியுமா? கப்பல்காரன் யார்? ரெஜி யார்? என் மனைவியின் தம்பியை, மத்தியானம் என் தட்டில் மீன் வைத்தவனை, நான் சந்தேகப்பட்டேன். அதை இன்றுவரை அவனிடம் சொல்லவில்லை.

ஸ்பீக்கர் வயர் கொளுக்கியில் சுற்றி இறுகியிருந்தது. அதை உருவி எடுத்து, விரலால் கொளுக்கியை அமத்தினேன். டிக்கி 'டமார்' என்று எகிறித் திறந்தது. மூட்டைகளுக்குப் பின்னால் எல்லோரும் தரையில் விழுந்தார்கள்.

எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பார்த்தார்கள். அதிகாரி பாட்டைப் போடச் சொன்னார். போட்டேன். ஒரு ஆமிக்காரன் சிரித்தான். அதிகாரியின் முகம்கூட இளகியது. என் அடையாள அட்டையைத் திருப்பித் தரக் கையை நீட்டினார். அப்போது அந்தப் பெண் பொலிஸ் வந்து அவர் காதருகே ஏதோ சொன்னாள். அவர் அருணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அட்டை திரும்ப அவருடைய பைக்குள் போனது. என்னை ஜீப்பில் ஏற்றினார்கள்.

அருணுக்கு வீட்டு ரெலிபோன் நம்பர் பாடம். அன்று மாலையே ஸ்டெல்லா வந்து அவனைக் கூட்டிப் போய்விட்டாள். நான் செவ்வாய்க்கிழமை பின்னேரம் வெளியே வந்தேன்.

4

அடுத்த வருடம் நான் மட்டும் புறப்பட்டு இங்கே வந்தேன். அகதி விசாரணையில் இந்தக் கதையைத்தான் சொன்னேன், சொல்ல வேறு கதை வேண்டியிருக்கவில்லை.

எனக்கு ஆங்கிலம் தெரியும். ஆனால் பயத்தில் தவறாகச் சொல்லிவிடுவேனோ என்று தமிழில் சொல்கிறேன் என்றேன். அது என் புத்தி. மொழிபெயர்க்க வந்தவர் தமிழ்நாட்டுக்காரர், மரியாதையான மனிதர். நான் சொன்னேன்: "அவங்கள் திறக்கச் சொன்னவங்கள். டிக்கி திறக்கேல்லை."

யாழ்ப்பாணத்தில் இதைக் கேட்கும் எவருக்கும் டிக்கி மாட்டேனென்றுவிட்டது என்று விளங்கும். அவருக்கு, நான் திறக்கவில்லை என்று விளங்கியது. அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு அது காதில் விழுந்தது. விழுந்தும், குறுக்கே பேசினால் குற்றமாகுமோ என்று ஒரு கணம் தயங்கினேன். அதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது. ஏன் திறக்க மறுத்தீர்கள்? மறைக்க என்ன இருந்தது? நான் மறுக்கவில்லை என்றேன். முதலில் மறுத்ததாகச் சொன்னீர்களே என்றார்கள். முன்னுக்குப் பின் முரண் என்று கோப்பில் ஏறியது. வழக்கு தோற்றது. மேன்முறையீடு, புதிய படிவம், பழைய படிவத்தின் பிரதி, பிரதிக்கு அத்தாட்சி. ஒவ்வொரு கடிதத்துக்கும் ஆறு மாதம். கடைசியில் ஏற்றுக்கொண்டார்கள்.

ஸ்டெல்லாவும் அருணும் வந்து இறங்க நாலு வருடம் ஆனது. விமான நிலையத்தில் அருணைக் கட்டிப் பிடித்தேன். அவன் கைகளைத் தொங்கப் போட்டபடி நின்றான். பதினொரு வயது. ஸ்டெல்லா அவன் முதுகில் தட்டி, "இதான்டா அப்பா" என்று அறிமுகம் செய்து வைத்தாள்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தோம். சைக்கிள் பழக்கினேன். பனி வழிப்பதற்குக் கூட வருவான். பதினைந்து வயதில் மறுபடியும் விலகினான். சாப்பாட்டு மேசையில் என் முகத்தைப் பார்க்க மாட்டான். கேட்டதற்குப் பதில் வரும், அதற்கு மேல் வராது. இந்த நாட்டுப் பிள்ளைகள் அப்படித்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொண்டேன். ஆனால் உள்ளுக்குள் வேறொன்று இருந்தது. குண்டு இருக்கிறதென்று ஊரே விலகி ஓடிய காரில் அவனை விட்டுவிட்டு நின்றவன் நான். அவனுக்கு அது நினைவிருக்குமோ என்று ஒருநாளும் கேட்கவில்லை. ஸ்டெல்லாவிடமும் அந்தப் பகுதியைச் சொல்லவில்லை.

5

இரண்டு வாரம் கழித்து, சனிக்கிழமை பகல், வெயில் எறித்தது. காரைக் கழுவலாம் என்று வெளியே போனேன். அருண் முன் இருக்கையில் குந்தியிருந்தான். பழைய கார்கள் உடைக்கும் இடத்திலிருந்து கொண்டுவந்த கொளுக்கியை லாச்சிக்குப் பூட்டிக்கொண்டிருந்தான். நான் மறுபக்கம் ஏறி உட்கார்ந்து டோர்ச்சைப் பிடித்தேன். பூட்டி முடித்து, லாச்சியை மூடித் திறந்து, மூடித் திறந்து காட்டினான். பிறகு அதைப் பார்த்தபடியே சொன்னான்:

"நீங்க ஏன் வயர் வேணாம் எண்டு சொல்றீங்க எண்டு எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"ரெஜி மாமா பூட்டின ஸ்பீக்கர். டிக்கி திறக்கல்ல. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு அப்பா."

டோர்ச்சை அணைத்தேன். இத்தனை வருடமாகச் சொல்ல வேண்டியிருந்ததை அப்போதுதான் சொன்னேன். "உன்னை நான் காருக்குள்ளை விட்டிட்டு நிண்டனான்."

"நீங்க விடல்ல. நாலு பேர் உங்களப் பிடிச்சிருந்தாங்க. நான் கண்ணாடியால பார்த்தனான்." அதை வெகு சாதாரணமாகச் சொன்னான். அவனுக்கு அது ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை. அவனுடைய பாரம் வேறு. லாச்சியை மறுபடி மூடிவிட்டுக் கேட்டான். "அந்தப் பொம்பிளப் பொலிஸ் என்னக் கூட்டிக்கொண்டு போய் ஒரு கேள்வி கேட்டவ. உங்களுக்குத் தெரியுமா?"

"இல்லை."

"உங்களைக் காட்டி, 'தாத்தாத?' எண்டு கேட்டவ."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் இல்லை எண்டு தலை ஆட்டினனான். தாத்தா கொட்டாஞ்சேனையில இருக்கிறார்தானே. மறுபடியும் கேட்டவ. நான் மறுபடியும் நோ, நோ எண்டு சொன்னன்."

சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா.

பத்தாம் வகுப்பில் அவனோடு படித்த சிங்களப் பையன் ஒருவனின் வீட்டுக்கு ஒரு நாள் போயிருக்கிறான். கதவைத் திறந்தவுடன் அந்தப் பையன் உள்ளே பார்த்து, "தாத்தே!" என்று கூப்பிட்டானாம். தலை நரைக்காத ஒரு மனிதர் வந்தாராம். இவ்வளவு இளமையான தாத்தாவா என்று அருண் கேட்க, அந்தப் பையன் சிரித்துச் சிரித்து விளக்கம் சொல்லியிருக்கிறான். அருண் அங்கே சாப்பிடாமல் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டான். அன்றைக்கு நான் வீட்டில்தான் இருந்திருப்பேன். என்னவென்று கேட்டிருக்கவும் மாட்டேன்.

"அவ கேட்டது நீங்க என்ட அப்பாவா எண்டு. நான் இல்லை எண்டு சொன்னன்." அவன் குரல் உடைந்தது. பதினெட்டு வயது, என்னைவிட உயரம், முகச்சவரம் செய்கிறான். "உங்கள மூண்டு நாள் வச்சிருந்தாங்க. நீங்க வரேக்க கன்னமெல்லாம் வீங்கியிருந்திச்சு. பிறகு நீங்க போயிட்டீங்க. நாலு வருஷம். எல்லாம் நான் நோ எண்டு சொன்னதாலயா அப்பா?"

இதற்கு யோசித்துப் பதில் சொல்லக் கூடாது. யோசித்தால் கண்டுபிடித்துவிடுவான்.

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்? அது டிக்கியாலை. வயராலை. எனக்கு யாழ்ப்பாண அடையாள அட்டை, அதாலை. உன்னைப் பற்றி ஒருத்தரும் ஒரு கேள்வியும் கேக்கேல்லை."

"ஒருத்தரும்?"

"ஒருத்தரும். ஆறு வயதுப் பிள்ளை சொல்லுறதை ஆர் கணக்கெடுக்கப் போறான்? அந்த நேரம் டிக்கி திறக்காத தமிழன் எவனையும் மூண்டு நாள் வைச்சிருப்பாங்கள். அது அவங்கடை வழக்கம்."

அவன் என்னை நெடுநேரம் பார்த்தான். நான் அவன் கண்ணை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. கந்தோர் மேலாளரிடமும் விசாரணைக்காரரிடமும் இந்த அளவுக்கு நேராக நான் பார்த்ததில்லை. கடைசியில் அவன் ஒரு பெரிய மூச்சு விட்டு, தலையை இருக்கையில் சாய்த்துக்கொண்டான். கண்களைத் துடைத்தான்.

"மூண்டு வருஷம் அப்பா. மூண்டு வருஷமா இதத்தான் யோசிச்சன்."

"என்னட்டைக் கேட்டிருக்கலாம்தானே?"

"எப்படிக் கேக்கிறது?"

நான் இறங்கிப் போய்ப் பின்பக்கம் டிக்கியைத் திறந்தேன். பின் இருக்கைக்குக் கீழால் வயரைத் தள்ளு, நான் இந்தப் பக்கம் இழுக்கிறேன் என்றேன். அவன் தள்ளினான். வயர் எங்கோ மாட்டிக்கொண்டது. இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் என்றேன். வந்தது. இரண்டு மணித்தியாலம் வேலை செய்தோம். ஸ்பீக்கர் பெட்டியை வைத்ததும் புது ரேடியோவில் சும்மா ஒரு நிலையத்தைப் பிடித்தான். எனக்கு விளங்காத இரைச்சல் பாட்டு ஒன்று டிக்கியிலிருந்து வந்தது. எனக்கு வியர்த்தது. அவனுக்குத் தெரியாமல் துடைத்துக்கொண்டேன்.

6

அன்று கொழும்பில், பொலிஸ் நிலையத்தில் நடந்தது இது.

அம்பிளிஃபயரைப் பற்றி முதல் அரை மணித்தியாலம் கேட்டார்கள். அது வெறும் அம்பிளிஃபயர் என்று அவர்களுக்கே தெரிந்துவிட்டது. பிறகு மூன்று நாளும் கேட்டது ஒரே கேள்விதான்: அந்தப் பிள்ளை யாருடையது? சோதனைச் சாவடியில் சந்தேகம் வராமல் இருக்க யாருடைய பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திரிகிறாய்? என் பிள்ளை என்றேன். அடித்தார்கள். எங்கே எடுத்தாய் என்றார்கள். என் பிள்ளை என்றேன். ஸ்டெல்லா வந்து இவர் என் கணவர் என்றாள். அவளுடைய அடையாள அட்டையில் கலியாணத்துக்கு முந்திய பெயரும் கொட்டாஞ்சேனை விலாசமும் இருந்தன. பிறப்புச் சான்றிதழ் கொண்டு வா என்றார்கள். அதன் மூலப்பிரதி பள்ளிக்கூடத்தில் இருந்தது. திங்கட்கிழமை போயா, பள்ளிக்கூடம் பூட்டு. செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஸ்டெல்லா அதை எடுத்து வந்து காட்டிய பிறகுதான் கேள்வி நின்றது.

ஏன் அந்த ஒரு கேள்வியையே பிடித்துக்கொண்டு நின்றார்கள் என்பது எனக்குப் பன்னிரண்டு வருடமாக விளங்கவில்லை. அன்று காரில் அருண் கேட்டபோது விளங்கியது. அவனுக்குப் பதில் சொன்ன அதே கணத்தில்.

அந்தப் பெண் பொலிஸ்மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. மற்ற எல்லோரும் படுத்துக் கிடக்கும்போது நடந்து போய் என் பிள்ளையைத் தூக்கி வந்தவள். பிறகு, தன் கடமைக்கு, பிள்ளை சொன்னதை அதிகாரியிடம் சொன்னாள். இரண்டும் அவள்தான். அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஊரில் திரும்பவும் சண்டை தொடங்கிவிட்டது. சோதனைச் சாவடிகள் மறுபடி முளைத்துவிட்டன என்று ரெஜி ரெலிபோனில் சொல்கிறான். அவள் இப்போது எந்தச் சாவடியில் நிற்கிறாளோ.

ஸ்டெல்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காருக்குள் பிள்ளை இருந்ததை மறைத்ததற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "அவன்கிட்டச் சொல்லிடாதீங்க. சாகும்வரைக்கும் சொல்லாதீங்க" என்றாள். நான் சொல்லமாட்டேன். ஆனால் யாருக்காவது சொல்லாமலும் இருக்க முடியவில்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

அருண் இப்போது சாப்பாட்டு மேசையில் பேசுகிறான். நேற்றுத் தொழிற்சாலை வாசலில் என்னை ஏற்ற வந்து, பாட்டைக் குறைத்துவிட்டு, கால் வலி எப்படி என்று கேட்டான். தமிழில்தான் கேட்டான். அவனுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அனுப்பாமல் விட்டோமே என்று இத்தனை வருடம் ஸ்டெல்லாவோடு சண்டை பிடித்திருக்கிறேன். இனிப் பிடிக்கமாட்டேன்.